புதுச் சாலையின் மேட்டுப் பக்கம்

ஜூலை 6

மாப்பிள்ளைக்கு,

நம் தெருச் சாலைக்கு அடியில் இருந்த குழாய்ப்பாலத்தின் இரண்டு வாயையும் உன் கம்பெனிக்காரர்கள் அடைத்து, மேலே மண்ணும் தாரும் போட்டு மூடிவிட்டார்கள். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

கண் ஆபரேஷனுக்காக நான் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது வேலை நடந்திருக்கிறது. திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் சாலை உள்ளங்கை மாதிரி இருக்கிறது. பழைய குண்டும் குழியும் ஒன்றுகூட இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேனா, இது சாலையா அல்லது என் கண் செய்கிற வேலையா என்று சந்தேகம் வந்து, குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். நல்ல வேலைதான். அதை மறுக்கவில்லை. இந்தச் சாலைக்காக வருஷக்கணக்கில் மனு எழுதியவனே நான்தான். தெருவில் எனக்கு 'மனு மாமா' என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஆனால் சாலையை முழங்கால் உயரம் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றட்டும். ஏற்றியவர்கள் தண்ணீருக்கு வழி விட வேண்டாமா?

உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். மேட்டுச் சாரி வீடுகளுக்குப் பின்னால் உள்ள சரிவில் மழை பெய்தால், தண்ணீர் உன் அம்மா வீட்டுக்கும் பள்ளிக்கூட வேன்காரர் வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் இறங்கும். சாலைக்கு அடியில் குழாயில் நுழையும். இந்தப் பக்கம், பள்ளச் சாரியில், என் மோட்டார் பட்டறைச் சுவரை ஒட்டி வெளியே வந்து ஓடைக்குப் போகும். சில வருஷமாக நல்ல மழை இல்லை. அதனால் குழாயில் குப்பை சேர்ந்து கிடந்தது உண்மை. குப்பை இருந்தால் அள்ள வேண்டும். அடைக்கக் கூடாது. இப்போது அது சாலை இல்லை, கரை. அந்தக் கரைக்குப் பின்னால் உன் அம்மா, என் தங்கச்சி, குடியிருக்கிறாள்.

"யார் அடைச்சது?" என்று அவளைக் கேட்டேன். "எனக்கென்னண்ணே தெரியும்? கம்பெனிக்காரங்க ஏதோ பண்ணாங்க. உங்க மாப்பிள்ளை அதுக்கு முன்னாடியே வேற சைட்டுக்குப் போயிட்டான்" என்றாள். நீ இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று எனக்குத் தெரியும். இரண்டு வேலை நீ செய்ய வேண்டும். அடைக்கச் சொன்னது யார் என்று கேட்டு எழுது. மழைக்கு முன்னால் அந்த வாயைத் திறக்க உன் முதலாளியிடம் சொல்.

போனில் சொல்லாதே. போனில் சொன்னதை நாளைக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம்.

கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. தெரியக் கூடாததெல்லாம் தெரிகிறது. உன் மனைவியின் உடம்பு எப்படி இருக்கிறது? வாந்தி நின்றதா? உன் அம்மாவும் நானும் நலம்.

இப்படிக்கு,
உன் மாமா

—

ஜூலை 29

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் சரியாகிவிட்டது என்று அறிந்து நிம்மதி. சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வெல்டிங் வெளிச்சத்தை இன்னும் சில வாரம் பார்க்காமல் இருப்பது நல்லது.

இவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். டாக்டர் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார். இங்கே சைட்டில் வேலை அதிகம். மலைப்பக்கம் என்பதால் ஜல்லி ஏற்றி வரும் லாரிகள் தாமதமாகின்றன. இந்தச் சாலை முடிந்ததும் என்னை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். குழந்தை பிறப்பதற்குள் அது நடந்துவிட்டால் நல்லது.

நம் தெருச் சாலையைப் பற்றி மேலிடத்தில் நல்ல பெயர். சின்ன ஊர்களில் போட்ட சாலைகளில் அதுதான் சிறந்தது என்று படம் எடுத்துப் போனார்களாம். நீங்கள் சொன்னதைப் பற்றி விசாரிக்கிறேன். அந்தக் குழாயில் பல வருஷமாகத் தண்ணீரே போகவில்லை என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். மனு எதுவும் எழுத வேண்டாம், மாமா. மனு போனால் அது எங்கெங்கோ சுற்றும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் அம்மாவைக் கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டாலும் நல்லதுதான்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை

—

ஆகஸ்ட் 11

மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்தது. அதில் லாரி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், படம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. யார் அடைக்கச் சொன்னது என்று ஒரே கேள்விதான் கேட்டேன்.

முதலாளிக்குப் பயப்படுகிறாய் என்று நினைக்கிறேன். வேலை நிரந்தரமாக வேண்டும், புரிகிறது. அதனால் உன்னை இதில் இழுக்காமல் நானே சாலை அலுவலகத்துக்கு மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எழுத வேண்டாம் என்று நீ சொன்னாய். உன் மாமாவிடம் எதைச் சொல்லக் கூடாது என்று நீ இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

தெருவில் எனக்கு ஆதரவாக ஒருவரும் இல்லை. பள்ளச் சாரிக்காரர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் பட்டறைக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"மனு மாமா, இத்தனை வருஷமா ரோடு இல்லைன்னு மனு. இப்போ ரோடு இருக்குன்னு மனுவா?"

"தண்ணிக்கு வழி இல்லைன்னு மனு."

"வழி இருந்தப்போ அது எங்க கொல்லை வழியாத்தானே போச்சு? இப்பதான் நிம்மதியா இருக்கோம். உங்க பட்டறையுமே காய்ஞ்சு கிடக்கு பாருங்க. தனக்கு நல்லது நடந்ததை எதுத்து மனு போடுற ஒரே ஆள் நீங்கதான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. குழாய் அடைபட்டதில் பெரிய லாபம் எனக்குத்தான். பழைய நாளில் மழை வந்தால் மோட்டார்களை எல்லாம் பெஞ்சு மேல் தூக்கி வைக்க வேண்டும். இப்போது வேண்டாம். கம்பிச் சுருள் கட்டிய மோட்டாரைத் தரையிலேயே வைக்கலாம். அதற்காக எதிர்ச் சாரியில் இருப்பவர்கள் தண்ணீரில் நிற்க வேண்டுமா? நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை. மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் படித்தவன். ஒரு பக்கம் உள்ளே வருவது இன்னொரு பக்கம் வெளியே போக வேண்டும். போகாவிட்டால் எங்கேயாவது வெடிக்கும்.

உன் அம்மாவை இங்கே வந்து இரு என்று கூப்பிட்டேன். "எதுக்குண்ணே? என் வீட்டுக்கு என்ன வந்துச்சு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் என்னிடம் அப்படி முகம் திருப்பி நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று நீ எழுதிக் கேள்.

இப்படிக்கு,
உன் மாமா

—

ஆகஸ்ட் 30

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மருமகளும் நன்றாக இருக்கிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் என் குரலை வைத்தே நீ எதையாவது கண்டுபிடிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று முதல் மழை வந்தது. பெரிய மழை இல்லை. சந்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது, ராத்திரிக்குள் வற்றிவிடும். சமையலறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, அது எல்லா வீட்டிலும் ஏறுவதுதான். துணிப் பெட்டியைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டேன். எறும்புக்காக.

உன் மாமா மனு எழுதியது உனக்குத் தெரியும். தினமும் காலையில் வந்து சாலை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். என்னைப் பார்த்தால், "மாப்பிள்ளை இருந்திருந்தா விட்டிருக்க மாட்டான்" என்கிறார். எனக்கு அப்போது கையில் இருக்கும் பாத்திரம் நழுவுகிறது. நான் அவரிடம் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். நீ எதுவும் எழுதிவிடாதே. அவர் யாருக்காகவும் நிறுத்துகிற ஆள் இல்லை. சொந்த மகள் கல்யாணத்திலேயே சாப்பாட்டுப் பந்தியில் நடந்த தவறுக்காகச் சம்பந்தியை நிற்க வைத்துக் கேட்டவர்.

அந்தக் குழாயிலிருந்து இப்போது பாம்பு வருவதில்லை. நிம்மதியாகத் தூங்குகிறேன். அதை மட்டும் நினைத்துக்கொள்.

வேன்காரர் மனைவி குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுப் போகிறாள். கழுத்து நிற்க ஆரம்பித்திருக்கிறது. மருமகளை மாடிப்படி ஏற விடாதே.

அம்மா

—

செப்டம்பர் 14

மாப்பிள்ளைக்கு,

நலமா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. நலம் என்று எழுத மனம் வரவில்லை.

மனுவுக்குப் பலன் வந்தது. பலன் என்றால், சாலை அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். நல்ல பையன், மரியாதை தெரிந்தவர். உன்னைவிடச் சின்னவர். கையில் வரைபடம். குடை பிடிக்கக்கூட ஆள் இல்லாமல் தனியாக வந்தார். நானே பிடித்தேன். வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

"பெரியவரே, இங்க பாருங்க. குழாய்ப்பாலம் இருக்கு. தூர் வாரி, ரெண்டு பக்கமும் நீட்டினதா எழுதியிருக்கு."

"எழுதியிருக்கு. எங்கே இருக்கு?"

"கீழ இருக்கும்."

"காட்டுங்க."

அவர் சாலை ஓரத்தில் காலால் தட்டினார். நான் தட்டினேன். மண்ணை ஏற்றிச் சமமாக்கிவிட்டதால் ஒன்றும் தெரியவில்லை. தையல்காரரைக் கூப்பிட்டு, "நீங்கதான் வேலை நடக்கும்போது இருந்தீங்க, வாயை எங்க அடைச்சாங்க, எப்படி அடைச்சாங்கன்னு சொல்லுங்க" என்றேன். "நான் மிஷின்ல தலையைக் குனிஞ்சிக்கிட்டு இருந்தேன் மனு மாமா, ஒண்ணும் பார்க்கலை" என்றார். தெருவில் யார் எத்தனை மணிக்கு வருகிறார், போகிறார் என்று சொல்கிற ஆள் அவர்.

"ரோட்டை உடைச்சாத்தான் தெரியும்," என்றார் அந்தப் பையன்.

"உடைங்க."

"புது ரோடு. உடைக்க எனக்கு அதிகாரம் இல்லை. வரைபடத்துல இருக்கே, பெரியவரே."

"வரைபடத்துல தண்ணி வராது தம்பி."

அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டு, மேலதிகாரிக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது உன் அம்மா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

சந்தில் நிற்கும் தண்ணீர் இப்போது வற்றுவதில்லை. வேன்காரர் வீட்டுப் பின்சுவர் வயிறு தள்ளியிருக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தொட்டில். வேன்காரர் முட்டுக் கொடுத்திருக்கிறார். வேறு எங்கே போவது என்று கேட்கிறார்.

இன்னொன்று. இதை யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. என் பட்டறைத் தரையில், சுவர் ஓரம், ஈரம் கசிகிறது. முதலில் தெளிந்த நீராக வந்தது. முந்தாநாளிலிருந்து கலங்கி வருகிறது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், மண். என் தரை மண் இல்லை, செம்மண். சாலைக்குள் கொட்டிய மண். சாலையின் மேட்டுப் பக்கம் தார் ஓரமாக நூல் பிடித்தது போல ஒரு விரிசலும் ஓடுகிறது. மேலே உள்ளங்கை மாதிரி இருக்கிற சாலைக்குள் மண் நடந்து வந்துகொண்டிருக்கிறது. வேன் அதன் மேல்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது.

எனக்கு இப்போது யார் என்று மட்டும் தெரிந்தால் போதாது. எப்படி அடைத்தார்கள் என்று தெரிய வேண்டும். வாயை மட்டும் அடைத்தார்களா, குழாய் முழுவதும் அடைத்தார்களா? வாய் மட்டும் என்றால் கடப்பாரையால் திறக்கலாம். முழுவதும் என்றால் சாலையைக் குறுக்கே வெட்ட வேண்டும். தெரியாமல் கை வைத்தால் எல்லாம் சேர்ந்து போகும். உன் சைட்டில் அந்த வேலை பார்த்த ஆட்கள் இருப்பார்கள். கேட்டு உடனே எழுது.

இப்படிக்கு,
உன் மாமா

—

அக்டோபர் 2

மாப்பிள்ளைக்கு,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? உன் மனைவிக்கு ஏதாவதா? ஒன்றும் இல்லை என்றால் ஒரு வரி எழுத உனக்கு என்ன தடை?

மேலதிகாரி விசாரணைக்கு வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. அடைத்தவர் யார் என்று நான் கண்டுபிடித்து அவர் முன்னால் நிறுத்துவேன். அவர் வேலையில் இருக்கக் கூடாது. வெறும் எச்சரிக்கையோடு விட மாட்டேன். உன் முதலாளியானாலும் சரி.

உன் அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். விசாரணை என்று சொன்னதும் உள்ளே போய்விட்டாள்.

மாமா

—

அக்டோபர் 9

அம்மா,

சாப்பிட்டாயா? நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

உடனே வீட்டை விட்டு வெளியே வா. மாமா வீடு வேண்டாம் என்றால் பஸ் ஏறி இங்கே வா. பெட்டி, பாத்திரம் எதுவும் வேண்டாம். இங்கே ஒரு சாலையில் பக்கவாட்டு மண் சரிந்ததைப் போன வாரம் பார்த்தேன். சத்தமே வரவில்லை. நின்றுகொண்டிருந்த லாரி சாய்ந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

பாம்பு வந்தது, வந்திருக்கட்டும். நான் உன்னை அன்றைக்கே என்னோடு கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வேறு எதையோ செய்தேன்.

மாமாவுக்கும் தனியாக ஒரு வரி எழுதுகிறேன். அவரிடம் நான் என்ன சொல்வது என்று நீயே சொல்.

உன் மகன்

—

அக்டோபர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். அம்மாவை அந்த வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். வேன்காரர் வீட்டிலும் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள். பட்டறையில் வரும் மண் நின்றதா?

உங்கள் மாப்பிள்ளை

—

அக்டோபர் 16

கண்ணுக்கு,

கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு மாதாமாதம் போகிற பரிசோதனைக்குத் தவறாமல் கூட்டிப் போ.

நான் எங்கேயும் வர மாட்டேன். நான் கிளம்பினால் உன் மாமா, பயம் இல்லாதவள் ஏன் கிளம்பினாள் என்று யோசிப்பார். யோசிக்க ஆரம்பித்தால் முடிவு வரைக்கும் போவார். வெள்ளிக்கிழமை ஒரு பெரிய அதிகாரி வருகிறாராம். அது முடியட்டும். நான் இங்கேயே சும்மா குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தால், தண்ணீர் ஒன்றும் பண்ணவில்லை என்று அவர்களும் திரும்பிப் போய்விடுவார்கள். உனக்கு வேலை நிரந்தரமாகிவிடும். மழையும் நின்றுவிடும்.

தண்ணீர் படிக்குக் கீழேதான் இருக்கிறது. கடைசிப் படிக்குக் கீழே.

மாமாவிடம் ஒன்றும் சொல்லாதே.

அம்மா

—

அக்டோபர் 20

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்க நேரம் இல்லை. தபாலை நம்பவும் நேரம் இல்லை. வேன்காரரின் மைத்துனர் உன் ஊர்ப் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டு போகிறார். இதை உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வேன்காரர் உன் போனுக்கு அடித்துப் பார்த்தார். அணைத்து வைத்திருக்கிறாய்.

காரணம் கேட்காதீர்கள் என்று எனக்கு எழுதினாய். காரணத்தை உன் அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

கதவைத் திறந்தபோது தண்ணீர் உள்ளே இருந்தது. கணுக்கால் அளவு. அவள் கட்டில் மேல் காலை மடக்கி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி மடித்தாள்.

"எந்திரி," என்றேன்.

"எதுக்கு?"

"உன் மகன் எழுதியிருக்கான். உன்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி. காரணம் கேட்காதேன்னு வேற எழுதியிருக்கான். அங்க உட்கார்ந்துக்கிட்டு இங்க இருக்கிற தண்ணி அவனுக்கு எப்படித் தெரியும்?"

அவள் மடித்த துணியைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அண்ணே, நான்தான் அடைக்கச் சொன்னேன்."

எனக்குக் காதில் விழுந்தது. ஆனாலும், "என்னது?" என்று கேட்டேன்.

"அடுப்படிக்குப் பாம்பு வந்துச்சு. ரெண்டு தடவை. நீங்க ஊர்ல இல்லை. தனியா இருக்கேன்னு அழுதேன். அவன் சைட்டுலதான் இருந்தான். வேற எங்கேயும் போகலை. குழாயை வாரி நீட்டுறதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. நான் அழுததைப் பார்த்துட்டு ஆட்களைக் கூப்பிட்டு அடைக்கச் சொல்லிட்டான். தண்ணி வராத குழாய்தானேன்னு நினைச்சான். என் பேரைச் சொல்லுங்க. அவன் பேரைச் சொல்லாதீங்க. மருமகளுக்கு வயித்துல பிள்ளை இருக்கு."

"அந்தச் சுவருக்குப் பின்னால ஒரு பிள்ளை தொட்டில்லயே இருக்கு," என்றேன்.

நான் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். என் தங்கச்சி. நான் தூக்கி வளர்த்தவள். உன்னையும் தூக்கி வளர்த்தேன். இத்தனை மாதமாக, 'மாப்பிள்ளை இருந்திருந்தா விட்டிருக்க மாட்டான்' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். அடைத்தவர் வேலையில் இருக்கக் கூடாது என்று உனக்கே எழுதியவனும் நான்தான். எழுதினதில் ஒரு எழுத்தையும் நான் மாற்றப் போவதில்லை. அம்மா அழுததால் செய்தாய், சரி. அழுகிறவர்களுக்காகச் செய்கிற வேலையை அடுத்தவர் தொட்டிலுக்கு மேல் செய்யக் கூடாது. செய்துவிட்டுச் செய்யவில்லை என்று என்னை நினைக்க விட்டாய். வரைபடத்தில் வாரியதாகவும் நீட்டியதாகவும் எழுதியது உன் கைதான். அதற்கு எந்தப் பாம்பும் காரணம் இல்லை.

இப்போது செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

வேன்காரர் மனைவியையும் குழந்தையையும் இன்றைக்கே மைத்துனர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதை அவர் ஒத்துக்கொண்டார். லாரியில் இந்தக் கடிதத்தோடு அவர்களும் போகிறார்கள். நாளையிலிருந்து அந்தச் சாலையில் வேன் ஓட்ட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். பிள்ளைகள் நடந்து போகட்டும்.

பள்ளச் சாரிக்காரர்கள் கொல்லையில் இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு ஓடை வரைக்கும் வழி விட வேண்டும். தையல்காரரிடம் கலங்கிய தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. அவர்தான் மற்ற வீடுகளுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் மனு என்பார்கள். அவர் சொன்னால் பயப்படுவார்கள்.

பட்டறையின் அந்தப் பக்கச் சுவரை நான் இடிக்க வேண்டும். பாதி இடித்துவிட்டேன். ரிப்பேருக்கு வந்த இரண்டு பம்புகளையும், உடையவர்களைக் கேட்காமலேயே, சந்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். திறப்பதற்கு முன்னால் மேட்டுப் பக்கத் தண்ணீரைக் குறைத்தாக வேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் இந்தப் பக்கம் ஒருவர் வீடும் மிஞ்சாது.

சாலை அலுவலகத்தார் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்த வேண்டும். வெட்டும் இயந்திரத்தோடு வர வேண்டும். படத்தோடு மட்டும் வந்தால் அந்தப் படத்தைத் தண்ணீரில் போடுவேன். பிறகு பழைய குழாயைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் புதுக் குழாய் போட வேண்டும். உன் முதலாளி ஆட்களைத் தர வேண்டும்.

நீ வர வேண்டும். வெள்ளிக்கிழமை அதிகாரி வருவதற்கு முன்னால் வர வேண்டும். வாயை மட்டும் அடைத்தாயா, முழுவதும் நிரப்பினாயா என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். உன் அம்மாவைக் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. நீ வந்து இடத்தைக் கையால் காட்டி, எப்படி அடைத்தாய், யார் சொல்லி அடைத்தாய், என்ன எழுதினாய் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். நீ சொன்னால் நான் உன் பக்கத்தில் நிற்பேன். வேலை போனால் பட்டறையில் உனக்கும் ஒரு பெஞ்சு போடுவேன், உன் குழந்தை அங்கே தவழட்டும். நீ வராவிட்டால் உன் பெயரையும் உன் அம்மா பெயரையும் நானே சொல்வேன். உறவுக்காரன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

உன் அம்மா வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். இதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். நீ வந்து கூப்பிட்டால்தான் வருவாளாம். மழை இன்னும் விடவில்லை. பம்பு ஓடுகிற சத்தத்தில் அவள் உள்ளே என்ன செய்கிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

லாரி திரும்பும்போது அதிலேயே ஏறி வா.

மாமா